கிற்றாரும் ஒளிவட்டமும்: மேடை, ஒலிப்பதிவுக்கூடம், பழமை பற்றிச் சில குறிப்புகள்

2020 ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், 1959ஆம் ஆண்டு செய்யப்பட்ட மார்ட்டின் டி-18ஈ என்னும் கிற்றார் ஒன்று 60 இலட்சத்து 10 ஆயிரம் டொலருக்கு விற்கப்பட்டது. அதுவரை ஏலத்தில் எந்தக் கிற்றாருக்கும் கிடைத்திராத விலை அது. வாங்கியவர் ஒரு மைக்றோபோன் நிறுவனத்தின் அதிபர். 1993 நவம்பர் 18ஆம் திகதி எம்ரிவி தொலைக்காட்சிக்காக நிர்வாணா குழு நியூயோர்க்கில் வாசித்த 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியில் கேர்ட் கோபேனின் மடியில் இருந்தது இந்தக் கருவிதான். அடுத்த வருடம் ஏப்ரலில் கோபேன் தற்கொலை செய்துகொண்டார்.

விலையைக் கேட்டு வியந்தவர்கள் பலர். கருவி எப்படிப்பட்டது என்று கேட்டவர்கள் குறைவு. டி-18ஈ மார்ட்டின் நிறுவனத்தின் தோல்விகளில் ஒன்று. 1958, 59 ஆகிய இரண்டு வருடங்களில் ஏறத்தாழ 300 மட்டும் செய்து கைவிட்டார்கள். மரக்கிற்றாரின் மேற்பலகையில் காந்தப் பிக்கப்புகளையும் திருகுகுமிழ்களையும் பூட்டி, மின்கிற்றாராகவும் பாவிக்கலாம் என்று விற்கப் பார்த்தார்கள். அதிர்வதற்கென்றே மெல்லியதாகச் சீவப்பட்ட பலகையில் இரும்பை ஏற்றினால் அது எப்படிப் பாடும்? மின்னிணைப்பு இல்லாமல் வாசித்தால் சத்தம் அடைபட்டது. இணைத்து வாசிப்பதற்கோ இதைவிடச் சிறந்த மின்கிற்றார்கள் சந்தையில் இருந்தன. கோபேனும் தொழிற்சாலைப் பிக்கப்புகளை நம்பவில்லை. ஒலித்துளையில் வேறொரு பிக்கப்பைப் பூட்டி அம்பிளிபயருக்கு அனுப்பினார். அந்த அம்பிளிபயர் கமராவில் தெரியக்கூடாது என்பதற்காக, மேடையில் வைக்கும் மொனிற்றர் பெட்டிபோல அதை மறைத்து வைத்தார்கள். 'இணைப்பில்லாத' நிகழ்ச்சியின் ஒலியில் ஒரு பகுதி இணைப்பினூடாகவே வந்தது.

எமது சஞ்சிகைகள் கவிதை பற்றியும் அரசியல் பற்றியும் எழுதுகிற அளவுக்குப் பொருட்களைப் பற்றி எழுதுவதில்லை. நான் பல வருடங்களாக ஜேர்மன் நகரமொன்றில் இசைக்கருவிகள் திருத்தும் பட்டறையில் வேலை செய்பவன். கிற்றாரோடு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மேடைக்கு எது நல்லது, ஒலிப்பதிவுக்கு எது நல்லது, பழையது உண்மையிலேயே சிறந்ததா? இதற்கு ஒரு தொழிலாளியாக என்னிடம் பதில் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியே எப்படி உருவானது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதுதான் இக்கட்டுரையின் பொருள்.

வால்ற்றர் பெஞ்சமின் பாரிசில் அகதியாக வாழ்ந்த காலத்தில், 1936இல் வெளியிட்ட கட்டுரையை வாசகர்கள் அறிவார்கள். இயந்திர மறுஉற்பத்தியின் யுகத்தில் கலைப்படைப்பின் 'ஒளிவட்டம்', அதாவது ஓரிடத்தில் ஒருமுறை மட்டும் இருப்பதால் அதற்குக் கிடைக்கும் மகிமை, தேய்கிறது என்றார் அவர். பழைய கிற்றார்களின் கதை இதற்கு நேர் எதிராக ஓடுகிறது என்பது என் வாதம். இவை தொடர் இலக்கம் குத்தி, விலைப்பட்டியலில் விளம்பரம் செய்து, ஆயிரக்கணக்கில் விற்ற தொழிற்சாலைப் பண்டங்கள். பிறக்கும்போது இவற்றுக்கு எந்த ஒளிவட்டமும் இருக்கவில்லை. அதைக் கொடுத்தது மறுஉற்பத்திதான்: இசைத்தட்டு, வானொலி, பின்னர் தொலைக்காட்சி. மக்கள் முதலில் இசைத்தட்டைக் கேட்டார்கள், பின்பு அந்த ஒலி வந்த மரத்தைத் தேடிப் போனார்கள்.

*

மார்ட்டின் என்ற பெயரிலிருந்து தொடங்குவோம். கிறிஸ்ரியன் பிரெடரிக் மார்ட்டின் 1796இல் சக்சனியின் மார்க்நொய்கிர்ஹன் என்ற ஊரில், தளபாடத் தச்சர் குழாமைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் தொழில் பழகினார். அக்காலத்தில் யார் எதைச் செய்யலாம் என்பதைத் தீர்மானித்தவை கில்ட் எனப்பட்ட கைவினைஞர் குழாம்கள். ஊரில் வயலின் செய்வோருக்கு ஒரு குழாம் இருந்தது. கிற்றார் செய்யும் உரிமையும் தமக்கே என்று அவர்கள் அதிகாரிகளிடம் மனுக்கொடுத்தார்கள். தாம் பண்பட்ட இரசனையுள்ள கலைஞர்கள், கிற்றார் செய்யும் தச்சரோ கதிரை மேசை செய்பவர்கள் என்பதுதான் அந்த மனுக்களின் சாரம். சாதியை அறிந்த எமக்கு இந்த வாதத்தின் மொழி புதியதல்ல. இழுபட்ட அந்தப் பிணக்கில் தச்சர்கள் தங்கள் உரிமையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் மார்ட்டின் காத்திருக்கவில்லை. 1833இல் குடும்பத்துடன் நியூயோர்க்குக்குக் கப்பலேறினார். சில வருடங்களின் பின் பென்சில்வேனியாவில் நசரேத் என்ற ஊருக்குப் போனார். நிறுவனம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

'அமெரிக்கக் கிற்றார்' என்று இன்று சொல்லப்படும் பொருளின் உள்ளே பார்த்தால் அமெரிக்கா குறைவாகவே தெரியும். மேற்பலகைக்குக் கீழே, தந்திகளின் இழுவையைத் தாங்க, பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று வெட்டும் இரண்டு மரச்சட்டங்கள் உண்டு. இந்தக் குறுக்குத்தாங்கி 1840களில் உருவானது. நியூயோர்க்கில் வேலைசெய்த பல ஜேர்மன் குடியேறிகளின் கருவிகளில் அது ஏறத்தாழ ஒரே காலத்தில் தென்படுகிறது. மார்ட்டினின் கைவசம் அது வந்ததில் ஸ்பானியக் கருவிகளின் செல்வாக்கும், அமெரிக்காவில் கச்சேரி செய்த மதாம் தெ கோனி என்ற ஸ்பானியப் பெண் கலைஞரின் தேவையும் கலந்திருந்தன. 1843இல் அவருக்காகச் செய்யப்பட்ட கருவியே இன்று அறியப்பட்ட மிகப் பழைய குறுக்குத்தாங்கி மார்ட்டின்களில் ஒன்று. அன்று அதில் கட்டியது ஆட்டுக்குடல் நரம்பு. உருக்குத் தந்தியின் இழுவையைத் தாங்கும் பலம் அந்த அமைப்பில் இருந்தது என்பது தெரியவர இன்னும் எண்பது வருடங்கள் சென்றன.

உருக்குத் தந்தி ஏன் வந்தது? சத்தத்துக்காக. இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது வருடங்களில் கிற்றாரின் வரலாறு முழுவதும் சத்தத்தைத் தேடிய வரலாறே. பாஞ்சோ, பிடில், மண்டலின் ஆகியவற்றின் நடுவில் கிற்றார் கேட்காது. போஸ்ரனின் டிற்சன் நிறுவனத்துக்காக மார்ட்டின் 1916இல் பெரிய உடல்கொண்ட ஒரு கிற்றாரைச் செய்தபோது, அதற்கு வைத்த பெயர் பிரித்தானியக் கடற்படையின் போர்க்கப்பலுடையது: ட்ரெட்நோட். 1931இல் அதே வடிவத்தைத் தன் சொந்தப் பெயரில் வெளியிட்டது. மஹோகனி உடலென்றால் டி-18, றோஸ்வூட் உடலென்றால் டி-28. 1934இல் கழுத்து நீண்டது. வீணையில் மெட்டு என்கிறோமே, அந்த மெட்டுக்களில் 12 மட்டும் உடலுக்கு வெளியே இருந்த நிலை மாறி 14 ஆயிற்று. பாஞ்சோ வாசித்தவர்கள் கிற்றாருக்கு மாறும்போது பழகிய நீளம் தேவைப்பட்டது என்பதே இதற்குக் காரணம். ஆக, இன்று சேகரிப்பாளர்கள் 'போருக்கு முந்திய ஒலி' என்று மந்திரம்போல உச்சரிக்கும் பொருள், ஒலிவாங்கியே அரிதாக இருந்த மேடையில் ஒருவர் கேட்கப்படுவதற்காகச் செய்யப்பட்ட பொறியியல் தீர்வு.

அந்த ஒலிக்கு ஒரு பௌதிகக் காரணம் இருந்ததை நான் மறுக்கவில்லை. 1930களின் மார்ட்டின்களில் தாங்கிச்சட்டங்களைக் குழிவாகச் செதுக்கி எடை குறைத்திருந்தார்கள். அட்ரொண்டாக் மலைப்பகுதியின் பெயரால் அழைக்கப்படும் சிவப்பு ஸ்புரூஸ் மேற்பலகை இலேசானது, விறைப்பானது. 1938-39 அளவில் குறுக்குத்தாங்கி ஒலித்துளையிலிருந்து சற்றுப் பின்னே தள்ளப்பட்டது. 1944இல் குழிவாகச் செதுக்குவதே நிறுத்தப்பட்டது. ஏன்? வாசிப்பவர்கள் மேலும் சத்தம் வேண்டித் தடித்த தந்திகளைக் கட்டினார்கள், மேற்பலகைகள் வயிறு தள்ளின, பிளந்தன, திருத்துவதற்காகத் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தன. உத்தரவாதத்தின் செலவு கூடியது. எனவே சட்டங்களைத் தடிப்பாக விட்டார்கள். தேய்ந்து மறைந்த ஏதோ இரகசியக் கலை என்று இன்று பேசப்படுவது, கணக்கேட்டில் சிவப்பு மையில் எழுதப்பட்டதால் கைவிடப்பட்ட ஒரு செய்முறை. 1976இல் எச்டி-28 என்ற பெயரில் அதே செதுக்கலைத் திரும்பக் கொண்டுவந்தபோது, நிறுவனம் தனது பழைய சிக்கலைத்தான் புதிய விலைக்கு விற்றது.

*

கிப்சன் நிறுவனம் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் 1902இல் தொடங்கியது. ஜே-45 என்ற மாதிரி 1942இல் 45 டொலருக்கு வந்தது. ஆடம்பரமில்லாத வேலைக்காரக் கிற்றார். கைகளில் எடுத்துப் பார்ப்பவருக்கு மார்ட்டின் டி-28க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் அடியிலேயே தெரியும். டி-28இல் கீழ்ச்சுருதி ஆழமாக விரிந்து அறையை நிரப்பும், மேற்சுருதிகள் மணிபோல நீளும். ஜே-45இல் ஒலி விரைவில் எழுந்து விரைவில் அடங்கும். நடுச்சுருதிகளில் ஒரு வரட்சி, ஒரு மரத்தன்மை. தனியே கேட்டால் டி-28 வெல்லும். ஆனால் ஒலிப்பதிவுக்கூடத்தில் நிலைமை வேறு. மைக்கை ஒலித்துளைக்கு நேரே வைத்தால் டி-28 குமுறும். 12ஆம் மெட்டுக்கு அருகே நகர்த்தினாலும், பாடகரின் குரலும் பேஸ் கிற்றாரும் டிரம்சும் சேரும்போது அந்த விரிந்த கீழ்ச்சுருதியைப் பொறியியலாளர் வெட்டியெறிய வேண்டியிருக்கும். வரண்ட ஜே-45, குரலுக்கு இடம்விட்டு அதன் கீழே அமர்ந்துகொள்ளும். சிறிய உடல்கொண்ட பழைய மார்ட்டின்களும் அப்படித்தான். இதனால்தான் ஒலிப்பதிவுக்கூடங்களில் பெரிய கிற்றாரைவிடச் சின்னக் கிற்றார் பலமுறை பெரிதாகக் கேட்கிறது. மேடைச் சத்தத்துக்காகப் பெருத்த உடல் ஒலிப்பதிவில் ஒரு சுமை. வாசிப்பவரும் ஒலிப்பதிவாளரும் ஒரே கருவியைப் பற்றி எதிரெதிராகப் பேசுவதற்கு இதுவே காரணம்.

ஜே-45 பற்றி இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். 1942 தொடக்கம் 1945 வரை வந்த கிப்சன் கிற்றார்களின் தலையில் ஒரு பட்டி வரையப்பட்டிருக்கும். கிப்சனைத் தவிர வேறொன்றும் போதாது என்ற பொருளில் ஒரு வாசகம் அதில் இருக்கும். சேகரிப்பாளர் மத்தியில் இவற்றுக்குத் தனி மதிப்பு. ஆனால் போர்க்காலத்தில் தாங்கள் இசைக்கருவிகள் செய்யவில்லை, போர்த்தளபாடங்களே செய்தோம் என்பதே நிறுவனம் நெடுங்காலம் சொன்ன வரலாறு. ஆண்கள் படைக்குப் போயிருந்தார்கள். அப்படியானால் இந்தக் கிற்றார்களை யார் செய்தார்கள்? ஜோன் தோமஸ் என்ற சட்டப் பேராசிரியர், 1944இல் தொழிற்சாலையின் முன் வரிசையாக நிற்கும் பெண்களின் புகைப்படம் ஒன்றைக் கண்டு இதைத் துருவத் தொடங்கினார். பிற்காலத்தில் உயிரோடிருந்த பெண்களைத் தேடிப் போய்க் கேட்டார். 2010களின் தொடக்கத்தில் அது நூலாக வந்தது. போரின் நடுவே ஆயிரக்கணக்கான கிற்றார்களைச் செய்து அனுப்பியவர்கள் அந்தப் பெண்கள். அரசு உலோகப் பாவனையைக் கட்டுப்படுத்தியதால் சில கருவிகளின் கழுத்தினுள்ளே வழமையான இரும்புத்தண்டு கூட இல்லை. தோமஸ் இந்தக் கிற்றார்களை எக்ஸ்-கதிர்ப் படமெடுத்து, முன்னும் பின்னும் வந்தவற்றைவிட இவற்றின் உட்பாகங்கள் நுட்பமாகச் சீவப்பட்டுள்ளன என்று வாதிட்டார். பெண்களின் விரல்கள் நுட்பமானவை என்ற அவரது முடிவை நான் அப்படியே ஏற்கமாட்டேன். தேயிலைக் கொழுந்து பறிக்கும் கைகளைப் பற்றித் தோட்டத்துரைமார் சொன்னதும் இதைத்தான். ஆனால் வேலை நன்றாகச் செய்யப்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை. வேலை செய்தவர்கள் ஆவணத்தில் இல்லாமற் போனார்கள் என்பதிலும் ஐயமில்லை. பட்டிக்கு விலை உண்டு, பெயர்களுக்கு இல்லை.

அந்த ஒலியும் மறுஉற்பத்தியின் வழியாகவே எம்மிடம் வந்தது. வூடி கத்ரி பாசிஸ்ட்டுகளைக் கொல்லும் இயந்திரம் என்று எழுதி ஒட்டிய கிற்றாரோடு நிற்கும் 1943ஆம் வருடப் புகைப்படம் பிரபலமானது. அவர் கையிலிருப்பது ஒரு கிப்சன். கத்ரி கிற்றார்களைப் பொக்கிஷமாக வைத்திருந்தவரல்லர். ஒன்று போனால் இன்னொன்று. அவரைப் பின்பற்றிய 1960களின் நாட்டார் பாடகர்கள்தான் இசைத்தட்டுகளில் கேட்ட ஒலியைத் தேடி அடகுகடைகளில் பழைய கிற்றார்களைத் துழாவினார்கள். அந்த வருடங்களில் தொழிற்சாலைகள் அவசர அவசரமாகத் தடித்த, பாரமான கருவிகளைத் தள்ளிக்கொண்டிருந்தன. 1970இல் ஜோர்ஜ் குருன் நாஷ்வில்லில் பழைய கருவிகளுக்கென்றே கடை திறந்தார். மாதிரி, வருடம், தொடர் இலக்கம், 'மூலநிலை' என்ற அளவுகோல்கள் அங்கிருந்தும் அதுபோன்ற கடைகளிலிருந்தும் பரவின. அதற்கு முன் அவை பாவித்த கிற்றார்கள் மட்டுமே.

*

மேடைக்கு வருவோம். ஒலிபெருக்கி பெரிதாகப் பெரிதாக நல்ல கிற்றார் மோசமான கிற்றார் ஆகிறது. எங்கள் கலைவிழா மண்டபங்களில் மைக் ஊளையிடுவதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மேற்பலகையை அதிரச்செய்யும், அந்த அதிர்வு மீண்டும் ஒலிபெருக்கிக்குப் போகும். மெல்லிய, உயிருள்ள பலகை முதலில் ஊளையிடும். ஆகவே மேடைக்கு ஏற்ற கிற்றார் என்பது ஓரளவு செத்த கிற்றார். கிப்சன் இதை மார்ட்டினைவிட முன்பே புரிந்துகொண்டது. 1950களில் வந்த ஜே-160ஈயில் மேற்பலகையை ஒட்டுப்பலகையால் செய்து, குறுக்குத்தாங்கிக்குப் பதில் ஏணிப்படிபோன்ற சட்டங்களை வைத்தார்கள். இணைப்பில்லாமல் வாசித்தால் அட்டைப்பெட்டி. இணைத்தால் மேடையில் நிற்கும். ஜோன் லெனன் 1962இல் வாங்கி, 1963 டிசம்பரில் களவு கொடுத்த ஜே-160ஈ, 2015இல் 24 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. ஒட்டுப்பலகைக்கு அந்த விலை! 1964இல் அதே மாதிரிக் கிற்றார் ஒன்று அம்பிளிபயர் அருகே சாய்ந்து ஊளையிட்டதை பீற்றில்ஸ் வேண்டுமென்றே 'ஐ ஃபீல் பைன்' பாடலின் தொடக்கத்தில் பதிவு செய்தார்கள். மேடையின் பிழை ஒலிப்பதிவில் இசையாயிற்று.

1960களின் நடுப்பகுதியில் சார்ள்ஸ் கமான் என்ற ஹெலிகொப்ரர் உற்பத்தியாளர், ஹெலிகொப்ரர் இறக்கைகளுக்குப் பயன்பட்ட செயற்கைப் பொருள்களின் அனுபவத்தோடு, கண்ணாடி இழையாலான கிண்ண முதுகு கொண்ட ஓவேசன் கிற்றாரைச் செய்தார். பின்னர் அதன் குதிரையின் கீழே அழுத்த மின்பிக்கப்பை வைத்தார்கள். 1970களிலும் 80களிலும் பெரிய மேடைகளை ஆண்டது அதுதான். சேகரிப்பாளர் உலகம் இந்தக் கருவியைத் தீண்டுவதில்லை. பழைய ஓவேசன் இன்றும் மலிவு. மேடையின் உண்மையான வரலாறு ஒன்று எழுதப்பட்டால் ஓவேசனுக்கு அதில் ஒரு பெரிய அத்தியாயம் வரும். ஆனால் பழைய கிற்றார்களின் வரலாற்றை எழுதுவது மேடையல்ல, ஒலிப்பதிவு. மடியில் வழுக்கும் அந்தக் கிண்ணத்தை எனக்கும் பிடிக்காது என்பது வேறு விடயம்.

விதிவிலக்குகளில் மிக முக்கியமானது ஒரு டி-28. 1935இல் செய்யப்பட்டது, தொடர் இலக்கம் 58957. கிளரன்ஸ் வைற் அதை லொஸ் ஏஞ்சலிசில் சொற்ப விலைக்கு வாங்கியபோது அதன் ஒலித்துளை வழமையைவிடப் பெரிதாக்கப்பட்டிருந்தது. விரற்பலகையும் பின்னர் வேறொரு நிறுவனத்தினுடையதாக மாற்றப்பட்டது. சேகரிப்பாளரின் அளவுகோலில் இது ஊனமுற்ற கருவி. வைற் 1973இல் வீதியில் வாகனம் மோதி இறந்தார். ரோனி றைஸ் 1975இல் அதைத் தேடிப்பிடித்து 550 டொலருக்கு வாங்கினார். சிறுவயதில் வைற்றின் கையில் அதைக் கண்டு தொட்டு வாசித்திருந்தவர் அவர். 1993இல் புளோரிடாவில் புயல்வெள்ளத்தில் மூழ்கி மீண்டது. றைஸ் 2020 டிசம்பரில் இறந்தார். புளூகிராஸ் இசைத்தட்டுகளில் அந்தப் பெருத்த துளையினூடாக வந்த ஒலி, கீழ்ச்சுருதி குறைந்து ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கும் ஒலி, ஒரு தலைமுறையின் இலட்சியமாயிற்று. மேடையில் அவர் பிக்கப்பை நம்பாமல் பெரும்பாலும் மைக்கின் முன்னால் நின்றார். விளைவு என்னவென்றால், பின்னாளில் சந்தா குரூஸ் நிறுவனமும் மார்ட்டினும் வேண்டுமென்றே பெரிய துளையுடன் புதிய கிற்றார்களைச் செய்து விற்றன. யாரோ ஒருவர் கத்தியாலோ அரத்தாலோ செய்த சேதம் விலைப்பட்டியலில் ஒரு மாதிரியாகிவிட்டது. மூலநிலை என்பதையே பெறுமதியின் அடிப்படையாக வைத்த சந்தை, மூலநிலை கெட்ட கருவியின் நகலைத்தான் அதிகம் விரும்பியது.

இதனால் பழமை முழுவதும் மாயை என்று சொல்லிவிட்டுப் போகலாமா? எங்கள் பக்கங்களில் எல்லாவற்றையும் 'கட்டமைப்பு' என்று ஒரே வீச்சில் தள்ளிவிடும் பழக்கம் உண்டு. மேசையில் ஒரு 1937 டி-18ஐ வைத்துத் தட்டிப்பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். எடை குறைவு, பலகை இலேசு, பதில் உடனடி. அவை அளக்கக்கூடியவை. ஆனால் அளக்கக்கூடியது என்றால் திரும்பச் செய்யவும் கூடியது. செய்கிறார்கள். மேற்பலகையைப் பிராணவாயு குறைந்த சூளையில் சூடாக்கி, எண்பது வருட முதுமையைச் சில மணித்தியாலங்களில் ஏற்றுகிறார்கள். அதன் மேல் கீறலும் தேய்வும் கூடச் செயற்கையாக இட்டு விற்கிறார்கள். ஒலிப்பதிவுக்கு இப்படியான புதிய கருவியும், இரைச்சலான மேடைக்கு ஒட்டுப்பலகையும், கையிலே காசு இருந்தால் போருக்கு முந்திய மஹோகனியும் என்பதே பட்டறையில் என் பதில். றோஸ்வூட்டை நான் சொல்லாததற்குக் காரணம் உண்டு.

டி-28இன் முதுகும் பக்கங்களும் நெடுங்காலம் பிரேசில் றோஸ்வூட்டால் செய்யப்பட்டன. 1960களின் பிற்பகுதியில் அறுக்கப்படாத குற்றிகளின் ஏற்றுமதியைப் பிரேசில் தடுத்தது. 1969 முடிவோடு மார்ட்டின் இந்திய றோஸ்வூட்டுக்கு மாறியது. அது வேறு ஒன்றுமல்ல, மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளின் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள். அதே தொழிற்சாலை, அதே தொழிலாளர், அதே தாங்கிகள். ஆனால் சந்தையில் 1969ஆம் வருடப் பிரேசில் மரக் கிற்றாருக்கும் மறுவருட ஈட்டி மரக் கிற்றாருக்கும் இடையே மலைபோன்ற விலை வித்தியாசம். 1992இல் பிரேசில் மரம் அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையில் சேர்ந்தபின் அந்த இடைவெளி இன்னும் பெருத்தது. எல்லை கடக்க அத்தகைய கிற்றாருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். இசைக்கலைஞர்களின் பயணத்துக்கென 2013இல் அந்த உடன்படிக்கை நாடுகள் மூன்று வருடம்வரை செல்லுபடியாகும் கருவிச் சான்றிதழ் ஒன்றை ஏற்றுக்கொண்டன. பேச்சுவழக்கில் கிற்றாரின் பாஸ்போட். 2017 ஜனவரியில் ஈட்டி உள்ளிட்ட அந்தப் பேரினம் முழுவதும் இரண்டாம் அட்டவணைக்கு வந்தது. இசைக்குழுக்களும் உற்பத்தியாளரும் முறையிட, 2019 நவம்பரில் முற்றுப்பெற்ற கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. மரத்துக்கு விலக்கில்லை.

ஈட்டிக்கு வேறொரு சோதனையும் வந்தது. 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, லங்காஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கிற்றார் கைவினைஞர் ரொஜர் பக்னலும் சேர்ந்து ஆறு கிற்றார்களைத் தயாரித்தார்கள். முதுகு, பக்க மரங்களைத் தவிர மற்ற எல்லாம் கூடியவரை ஒன்றுபோல. அவற்றில் பிரேசில் றோஸ்வூட் இருந்தது, ஈட்டி இருந்தது, மஹோகனி இருந்தது, மலிவான மரங்களும் இருந்தன. 52 கிற்றார் கலைஞர்களை மங்கிய வெளிச்சத்தில் இருத்தி, இரும்பு ஒட்டுபவர்கள் அணியும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். ஒலியின் தரத்துக்கு அவர்கள் கொடுத்த புள்ளிகளில் மரத்துக்கு மரம் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எது எது என்று பிரித்தறிவதும் பெரும்பாலும் முடியவில்லை.

போன வருடம் எங்கள் பட்டறைக்கு 1970களின் ஈட்டி மர டி-28 ஒன்று வந்தது. கழுத்து வளைந்து, வாசிக்க முடியாத உயரத்தில் தந்திகள் நின்றன. கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்திப் பூட்ட இரண்டு நாள் வேலை. திருத்தினால் விற்பனை விலை கூடுமா என்று உரிமையாளர் கேட்டார். அந்த வருடத்துக் கருவிகளுக்கு அவ்வளவு இல்லை என்றேன். பரவாயில்லை, திருத்துங்கள், அடுத்த மாதம் இதில்தான் பதிவுசெய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.